மாதா கையில் இருக்கும்வரை

விடிந்ததும் எங்கள் அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம் வந்து விழும். பின்னால் லில்லிப் பூவோ, சூரியன் இறங்கும் கடலோ, எந்த நாட்டிலோ எடுத்த பனிமலையோ இருக்கும். எங்கள் கடலைப் படமெடுத்துப் போட்டால் என்ன என்று நினைத்துக்கொள்வேன். நிலக்கரித் தூள் படிந்த கடல், கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கடல், அதன் பின்னணியில் ஒரு வசனம். எந்த வசனம் பொருந்தும் என்று யோசித்துப் பார்த்து விட்டுவிடுவேன்.

அன்பியம் என்பது எங்கள் தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து, வேதம் வாசித்து, பகிர்ந்துகொள்ளும் குழு. அதன் தலைவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு சூப்பர்வைசர். மாதா கோயிலில் வேத வாசகம் வாசிப்பவரும் அவர்தான். மைக் முன்னால் அவர் நின்றால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும், அப்படி ஒரு குரல். வசனம் அனுப்புவதும் அவர்தான்.

அந்த அக்டோபரில் வசனங்களெல்லாம் மனைவியரைப் பற்றியே வந்தன. நல்ல மனைவி, அடக்கமுள்ள மனைவி, வீட்டைக் கட்டுகிறவள், வீட்டை இடிக்கிறவள். யாருக்காக வருகின்றன என்று தெருவுக்கே தெரியும். மகள் சென்னைக்குப் படிக்கப் போனதிலிருந்து காலியாகக் கிடந்த எங்கள் பின்னறையில், இடது கையில் மாவுக்கட்டோடு, அவருடைய மனைவி படுத்திருந்தாள்.

அவள் என் போனை வாங்கி வசனத்தைப் பார்க்க மாட்டாள். கீழே யார் யார் ஆமென் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பாள். கும்பிடுகிற கைகளின் வரிசையை விரலால் தள்ளிக்கொண்டே போவாள். ஒருநாள் விரல் நின்றது.

"அண்ணனும் போட்டிருக்காவளே, அக்கா."

என் கணவர் காப்பி டம்ளரோடு வாசல்படியில் நின்றிருந்தார். அவரும் துறைமுகத்தில்தான் வேலை, தலைவர் இருக்கும் யார்டுக்கு எதிரே உள்ள ஆபீசில்.

"அது… கை பட்டுட்டு," என்றார்.

"கை பட்டா ஆமென்னு வருமா? அதுவும் பக்கத்துல பூவோட?" என்றேன்.

அவர் காப்பியைக் குடிக்காமலே உள்ளே போனார். அவள் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்ததற்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். சிரித்ததும் உதட்டின் ஓரத்தில் காய்ந்திருந்த இடம் மறுபடி திறந்துகொண்டது.

அவள் வந்தது ஒரு ஞாயிறு மதியம், பின்வாசல் வழியாக. அன்று காலைப் பூசையில் இரண்டாம் வாசகத்தைத் தலைவர் வாசித்திருந்தார். அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முன்பு டீச்சராக இருந்தவள். கல்யாணமானதும் அவர் நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். பிள்ளை இல்லாத வீட்டில் பகல் நீளமாக இருக்கிறதென்று, மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று அந்த வாரம் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து கேட்டிருந்தாள். அந்தப் போன்தான் காரணம்.

"கோவத்துல அடிச்சாக்கூட பரவால்லக்கா," என்றாள். கை யானைக்கால் மாதிரி வீங்கியிருந்தது. "இவிய ஜெபம் பண்ணிட்டு அடிக்காவ."

பைபிளைத் திறந்து அவள் மடியில் வைத்து, எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் அந்த இடத்தை அவளையே உரக்க வாசிக்கச் சொல்வாராம். மனைவியர் கணவருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று வருமே, அந்த இடம். வாசித்து முடித்தால் புத்தகத்தை வாங்கி, முத்தமிட்டு, பீடத்தில் வைப்பார். அதற்குப் பிறகுதான். எல்லாம் முடிந்ததும் அவளோடு சேர்ந்து முழங்காலில் நின்று, இவளுக்கு நல்ல மனம் கொடும் என்று கண்ணீரோடு வேண்டுவார்.

"அந்தக் கண்ணீர் நெசம், அக்கா. அதான் எனக்குப் பயம்."

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றாள். எங்கள் தெருவில் பாத்ரூம்கள் நிறைய வழுக்கும்.

ஆத்தூருக்கு அப்பால் கடற்கரையில் இருக்கும் அவளுடைய அண்ணன், முன்பு ஒருமுறை அவள் ஓடிப் போனபோது, மறுநாளே பைக்கில் ஏற்றிக் கொண்டுவந்து விட்டவர். சிலுவையைத் தூக்கிப் போட்டால் கிறிஸ்தவளா நீ என்று வாசலில் வைத்துக் கேட்டவர். அதனால் இந்த முறை அங்கே போகவில்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள், அவ்வளவுதான். இருமினால் அங்கே கேட்கும். தலைவர் தட்டு கழுவும் சத்தம் இங்கே கேட்கும். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் அவள் பேச்சையும் நிறுத்துவாள்.

அவர் வந்து கூப்பிடவில்லை. அவருக்கு அவசரமில்லை. அக்டோபர் ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதாவின் சிலை, நாங்கள் சுரூபம் என்போம், புறப்பட்டு எங்கள் தெருவில் நாளுக்கு ஒரு வீடாகத் தங்கிப் போகும். மாலையில் எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டே, மாதா இருந்த வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவோம். அந்த வீட்டு ஆண் வாசலில் நின்று மாலை போடுவான். அந்த வீட்டுப் பெண் சுரூபத்தைக் கையில் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பாள். எங்கள் வீட்டுக்கு அடுத்து மாதா போக வேண்டியது அவர் வீட்டுக்கு. மாதா வரும்போது வீட்டில் பெண் இல்லாமல் எப்படி? தெரு முழுக்க அதே பேச்சு. பால் வாங்கப் போன இடத்தில், பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடை வாசலில். அடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. மாதா வருவதைப் பற்றித்தான் பேசினார்கள்.

மாதா எங்கள் வீட்டுக்கு வந்த மாலை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் ஸ்டூலின் மேல் சுரூபம், நீலப் போர்வையின் ஓரத்தில் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் வெள்ளை தெரிந்தது. அன்பியக் கூட்டமும் அதனோடு சேர்ந்தே வந்ததால், வாசிக்க வேண்டியவர் தலைவர். வெள்ளைச் சட்டையில் இஸ்திரி மடிப்பு நிற்க, எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

"நல்லா இருக்கீங்களா, அக்கா?" என்று என்னிடம் கேட்டார். நிஜமான விசாரிப்பு.

பின்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதற்குப் பின்னால் அவள் இருந்தாள். அவருக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்காமல் இருப்பதற்கு எவ்வளவு முயற்சி வேண்டியிருக்கிறது என்று அன்று பார்த்தேன்.

அவர் வாசிக்க எடுத்தது அதே எபேசியர் பகுதிதான். நான் என் பைபிளில் விரல் வைத்துக்கொண்டே போனேன். அவர் தொடங்கிய வரிக்கு முந்தின வரியில், எல்லோரும் ஒருவருக்கொருவர் பணிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. எத்தனையோ வருடமாக அவர் இதை வாசித்துக் கேட்டிருக்கிறேன். எப்போதும் அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் தொடங்குவார். கதவைச் சாத்திவிட்டுப் பேசத் தொடங்குகிற மாதிரி.

வாசகம் முடிந்ததும் எங்கள் வழக்கப்படி அமைதி நேரம். அந்த அமைதியில், மனதைத் தொட்ட ஒரு சொல்லையோ வரியையோ யார் வேண்டுமானாலும் மூன்று முறை சொல்லலாம். சொன்னதற்குப் பதில் சொல்லக் கூடாது, விளக்கம் தரக் கூடாது. தலைவரானாலும் கூடாது, சாமியாரே வந்திருந்தாலும் கூடாது. விளக்கமெல்லாம் அமைதி முடிந்த பிறகு. ஒருவர் திருச்சபை என்றார், இன்னொருவர் அன்பு என்றார். மூன்று மூன்று முறை. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கடகடத்தது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தன் சொந்த உடலை எவனும் ஒருபோதும் வெறுத்ததில்லை."

அதே பகுதியில், சற்றுக் கீழே வருகிற வரி. அவருடைய வாயிலிருந்துதான் சற்றுமுன் வந்தது. வரும்போது யாருக்கும் கேட்கவில்லை.

"தன் சொந்த உடலை எவனும் ஒருபோதும் வெறுத்ததில்லை."

அவருடைய கைவிரல்கள் பைபிளின் அட்டைமேல் அசைந்தன. ஒரு வரியைக் கேட்டுவிட்டு விளக்காமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லை. மூன்றாவது முறையும் அவள் அதே ஓட்டத்தில், டிக்டேஷன் சொல்கிற டீச்சர் மாதிரி, நிதானமாகச் சொன்னாள். பிறகு அமைதி. அவ்வளவு நேரம் அமைதியாக எங்கள் அன்பியம் ஒருநாளும் இருந்ததில்லை.

முடித்துவைக்க வேண்டியவர் அவர்தானே, முடித்துவைத்தார்.

"ஒரு சகோதரி அருமையான வரியத் தொட்டாங்க," என்றார். கோயில் குரல். "உடம்ப யாரும் வெறுக்கறதில்ல. ஆனா அடக்குதோம்ல? தவக்காலத்துல நோம்பு இருக்கோம். முழங்கால்ல நிக்கோம். வலிக்குதேன்னு உடம்பு சொல்லுததெல்லாம் கேட்டுக்கிட்டா இருக்கோம்? அப்ப, மனைவி நம்ம உடம்புன்னு வேதம் சொல்லும்போது…"

மீதியை அவர் சொல்லவில்லை. நாங்களே முடித்துக்கொள்ளும்படி புன்னகையோடு விட்டுவிட்டார். பழக்கத்தில் யாரோ ஆமென் என்றார்கள். என் கணவர் இல்லை. அவர் வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவாட்டுக்கடை மைனி நாற்காலியிலிருந்து எழுந்தாள். தலைவர் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரி, மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். தெரு முழுக்க அவளை அண்ணி முறை வைத்து மைனி என்றுதான் கூப்பிடும்.

"எனக்குத் தண்ணி வேணும்," என்றாள் பொதுவாக. ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர்ச் செம்பு இருந்தது. அதைத் தாண்டி, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். கூட்டம் முடியும்வரை திரும்பி வரவில்லை.

எல்லோரும் போனபிறகு நான் உள்ளே போனேன். மைனி கட்டிலில் அவளருகே உட்கார்ந்து, கட்டுக்குள் ஈர்க்குச்சியை விட்டு மெதுவாகச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"இங்கனயா, ஏளா?"

"இன்னும் கீழ, மைனி."

"கட்டு காயக் காயத்தான் அரிப்பு கூடும். சோத்தப் பெசைய முடியாது, முடி வார முடியாது. கேட்டா வழுக்கிட்டுன்னு சொல்லணும்." ஈர்க்குச்சியை வெளியே எடுத்து, சேலையில் துடைத்து, என்னிடம் கொடுத்தாள். "பத்திரமா வையி. இன்னும் தேவப்படும்."

எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மைனியின் புருசன் இறந்து பல வருடம்.

மறுநாள் காலை என் கணவரின் போனுக்குச் சாமியார் பேசினார். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். நல்ல மனிதர், இளைஞர், குரலில் களைப்பு இருந்தது. தலைவர் வந்து அழுதுவிட்டுப் போனாராம். இன்றைக்கு மாதாவை அந்தச் சகோதரியே கையில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகட்டும், மாதாவோடு உள்ளே போனால் எல்லாம் சரியாகும், பிறகு நான் வந்து இரண்டு பேரிடமும் பேசுகிறேன் என்றார். யோசனை தலைவருடையது. மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கத்தோலிக்கப் பெண் தன் வீட்டு வாசலில் நின்று திரும்புவாள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பிசகாத கணக்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

சாமியார் பதிலுக்குக் காத்திருந்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"தூக்குதேன், ஃபாதர்," என்றாள்.

அன்று பகல் அடுப்பைக் கவனிக்கவில்லை. சோறு குழைந்தது. மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவோமா என்றேன். போனால் அண்ணன் வருவார், சாமியார் வருவார், சேர்த்துவைத்து அனுப்புவார்கள், பழகின வழிதானே என்றாள். தலைவரிடமிருந்து அவளுக்கென்று என் போனுக்கு ஒரு குரல்பதிவு வந்தது. அடுப்படியில் வைத்துக் கேட்டோம். மாதாவைப் பார், வானதூதர் சொன்னதும் ஆகட்டும் என்றாள், ஒரு எதிர்க்கேள்வி கேட்டாளா என்று அந்த அழகான குரல் கேட்டது.

"கேட்டாளே," என்றாள் அவள், போனைப் பார்த்து.

"என்ன?"

"இது எப்படி நடக்கும்னு கேட்டாளே, அக்கா. வானதூதர்கிட்டயே கேட்டா. அவரு பதில் சொன்ன பெறகுதான் ஆகட்டும்னா." வெங்காயத் தோலை ஒற்றைக் கையால் கூட்டிக் குப்பையில் போட்டாள். "கேட்டதுக்கு வானதூதர் அடிக்கல."

"அப்ப உள்ள போவமாட்டேல்லா?"

"தூக்குதேன்னுதான் சொல்லியிருக்கேன்," என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

மாலையில் காற்றே இல்லை. மழை வரப்போகிற புழுக்கம், உப்பளத்துப் பக்கமிருந்து ஒரு கசப்பு வாடை. எல்லோரும் மெழுகுவர்த்தியோடு எங்கள் வாசலில் கூடினார்கள். தலைவர் தன் வீட்டு வாசலில் மாலையோடு வரவேற்க நிற்க வேண்டியிருந்ததால், ஜெபமாலையைச் சொல்லி நடத்தும் பொறுப்பு என் கணவருக்கு வந்தது. கையில் மைக், இன்னொரு கையில் மணிகள், சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

அவள் குளித்து, மஞ்சள் சேலை கட்டி வந்தாள். சுரூபத்தை எடுத்து, பிள்ளையைப் போல மாவுக்கட்டின் மேல் சாய்த்துக்கொண்டு, வலது கையால் அணைத்துப் பிடித்தாள். மாதாவின் உடம்பும் மாவு, அவள் கட்டும் மாவு. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் எது எது என்று தெரியவில்லை. அதுவரை சேலைத் தலைப்பால் மூடி வைத்திருந்த கையை அன்றுதான் தெரு பார்த்தது.

ஜெபமாலையில் பத்து அருள்நிறை மரியே சொன்னதும் திரித்துவப் புகழ் சொல்லி நிறுத்துவோம். ஊர்வலமும் அங்கேதான் நிற்கும். இடையில் நிற்கக் கூடாது, பேசக் கூடாது. மாதாவைத் தூக்கியவர் நடந்தால் மற்றவர்கள் பின்னால் நடக்க வேண்டும். அடுத்த வீடுதான் என்பதால் தெருமுனைவரை போய்ச் சுற்றி வந்தோம். பத்தாவது முடியவும் அவர் வாசல் வரவும் சரியாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. யார் போட்டது, அவரேவா? டியூப்லைட் புதிதாக மாட்டியிருந்தார். ரோஜா மாலையை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றார். முகத்தில் சாந்தம். திறந்த கதவு வழியாகக் கூடம் தெரிந்தது, பீடம் தெரிந்தது, பீடத்தில் விரித்து வைத்த பைபிளும் தெரிந்தது.

பத்து முடிந்திருக்க வேண்டும். நான் என் ஜெபமாலை மணியைப் பார்த்தேன், முடிந்துவிட்டது. என் கணவர் திரித்துவப் புகழைத் தொடங்க வாயெடுத்தார். வாசலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார்.

"அருள் நிறைந்த மரியே வாழ்க," என்று மறுபடி தொடங்கினார்.

ஒரு கணம் தடுமாறி, கூட்டம் மறுபாதியைச் சொன்னது. ஜெபம் ஓடுகிறது, நிற்க முடியாது. அவள் நடந்தாள். தலைவர் ஓரடி முன்னால் வந்து மாலையை நீட்டினார். அவள் கால் நிற்கவில்லை. மாலை மாதாவின் முக்காட்டை உரசி அவர் கைகளிலேயே தங்கிவிட்டது. என் கணவர் இன்னொன்று தொடங்கினார். இன்னொன்று.

"ஏளா," என்றார் தலைவர் தாழ்ந்த குரலில், பல்லுக்குள். "வீடு இங்கன."

அவர் கை அவளுடைய தோளுக்கு நேராக எழுந்தது. எழுந்த இடத்திலேயே நின்றது. மாதாவைத் தூக்கியிருப்பவளைப் பிடித்து இழுக்க எங்கள் ஊரில் எந்தக் கையும் துணியாது. இழுத்தால் விழுவது யார்? உடைவது யார்? அவருக்கு அது அந்த இடத்தில்தான் தெரிந்திருக்க வேண்டும். அவளை வீட்டுக்குள் கொண்டுவர அவரே ஏற்றிவிட்ட மாதா.

அவள் திரும்பாமல், எல்லோரோடும் சேர்ந்து ஜெபத்தின் மறுபாதியைச் சொல்லிக்கொண்டே போனாள்.

அடுத்த வாசல் கருவாட்டுக்கடை மைனியுடையது. அவளுடைய முறை நாளைக்குத்தான். கேட்டுக்குள் வாளியும் துடைப்பமும் கிடந்தன, கொடியில் உள்பாவாடை காய்ந்தது. ஊர்வலத்திலிருந்து மைனி விலகி முன்னால் ஓடி, காலால் வாளியைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்தாள்.

"வீடு பெருக்கல, மாலை வாங்கல, ஒரே கருவாட்டு வாடை," என்றாள் மூச்சிரைக்க. "வா தாயே. நீ மீன்காரங்க வீட்டுக்குப் போகாதவளா."

அப்போதுதான் என் கணவர் திரித்துவப் புகழைச் சொன்னார். தப்பாக எண்ணிவிட்டாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது, "நாளைக்கு ஆபீசுல அவரு மொகத்துல முழிக்கணும்," என்று மட்டும் சொன்னார். அன்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார். கை படவில்லை.

மறுநாள் சாமியார் வந்தார். மைனியின் கூடத்தில் மாதாவுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். திரும்பிப் போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அவள் மாவுக்கட்டையே பார்த்திருந்துவிட்டு எழுந்துபோனார். எனக்கு அது போதவில்லை. போதவில்லை என்பதை அவரிடமே சொன்னேன், தெரியும் என்றார்.

அன்று மாலை மாதா அடுத்த வீட்டுக்குப் போனபோது அவளே தூக்கினாள், அங்கேயே தங்கினாள். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. மாதா இருக்கும் வீட்டிலிருந்து அவளை வெளியே அனுப்ப யாருக்கும் வாய் வரவில்லை. முகம் சுளித்தவர்களும் சோறு போட்டார்கள். மாதம் முடிந்து மாதா கோயிலுக்குத் திரும்பியபோது கட்டைப் பிரித்திருந்தார்கள், புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வேலையும் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. மைனியும் நானும் போய்ப் பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு வந்தோம். விரல்களை இன்னும் முழுசாக மடக்க முடியவில்லை என்றாள். அண்ணன் அவளோடு பேசுவதில்லை. தெருவில் இரண்டு மூன்று வீட்டில் எங்களோடும் பேசுவதில்லை.

அவர் இன்னும் எங்கள் தலைவர்தான். கோயிலில் இன்னும் வாசிக்கிறார், அதே குரல். அன்பியத்தில் ஒரேயொரு மாற்றம் செய்தார்: வாசகம் முடிந்ததும் அமைதி நேரத்தை விட்டுவிட்டு நேரே விளக்கத்துக்குப் போய்விடுவது. நேரமாகுது, வேலைக்குப் போறவங்க இருக்காங்க என்று காரணம் சொன்னார். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் அவர் புத்தகத்தை மூடி, தொண்டையைச் செருமி, "இந்தப் பகுதியில புனித பவுல் நமக்கு என்ன சொல்லுதாருன்னா" என்று தொடங்கினார்.

"தலைவரே," என்றாள் மைனி, கண்ணைத் திறக்காமல். "அமைதி இன்னும் ஆரம்பிக்கல."

அவர் சுற்றிலும் பார்த்தார். பெண்கள் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நானும் மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் காத்திருந்தார்.